சீசன் டிக்கெட்டில் ஒரு மோகமுள்

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷமே ஒரு மந்திரம் சொல்லிக் கொடுப்பார்கள். பெறுபவரைப் பற்று வை. கொடுப்பவரை வரவு வை. இந்த ஒற்றை மந்திரத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய கம்பெனியின் கணக்கையும் எழுதிவிடலாம். ஒரே ஓர் இடத்தில்தான் அது பல்லை இளிக்கும். இரவல் கொடுத்த புத்தகம்! பெற்றவர் பேரில் பற்று எழுதி எழுதி நமக்குக் கை வலிக்கும். வரவுப் பக்கம் மட்டும் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும்.

அப்படியும் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு புத்தகத்துக்கான நோட்டு. தி.ஜானகிராமனின் 'மோகமுள்'. வாங்கியவர், வாங்கிய தேதி, திரும்பி வந்த தேதி, கடைசியாக அவர் சொன்ன ஒரு வரி என்று நாலு கட்டம். 2011-இல் ஆரம்பித்தேன். கடலூர் - சிதம்பரம் பாசஞ்சரில் கூட வந்த சீசன் டிக்கெட் ஆசாமிகள், ஆபீஸ் சகாக்கள், அண்ணாமலை யூனிவர்சிட்டியில் கூடப் படித்தவர்கள் என்று இதுவரை பத்தொன்பது பேர். அந்த நாலாவது கட்டத்தைச் சமீபத்தில் மொத்தமாகப் படித்துப் பார்த்தபோதுதான் இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. இருபது வயசு ஆண்பிள்ளை ஒருவன் எப்படி வளர்கிறான் என்பதைப் பற்றிய நாவலை, பத்தொன்பது பேர் பத்தொன்பது விதமாகப் படித்திருக்கிறார்கள். அதில் மூன்று பேரைப் பற்றியாவது சொல்லியே ஆகவேண்டும்.

அதற்கு முன்னால் தலைப்பு பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

'மோகமுள்' என்று அட்டையில் போட்ட புத்தகத்தைக் காலை நேரப் பாசஞ்சரில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். எதிர் ஸீட்டுப் பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு தரம் அட்டையைப் பார்ப்பார். ஒரு தரம் உங்கள் முகத்தைப் பார்ப்பார். "தம்பி எங்க வேலை செய்யறீங்க?" என்பார். ஆடிட்டர் ஆபீஸ் என்றால், 'அப்ப சரிதான்' என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். என்னிடம் வாங்கிய நாலாவது ஆசாமி, ஒரு அரசு அலுவலக சூப்பிரண்டெண்ட். அவர் முதல் வேலையாகப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, மேலே கொட்டை எழுத்தில் 'பொதுக் கோப்பு' என்று எழுதிவிட்டார். ஆபீஸில் மேஜை மேல் வைத்துக்கொண்டே நாற்பது நாளில் படித்து முடித்தாராம். அந்தப் பழுப்பு அட்டையை இன்று வரை நான் கழற்றவில்லை.

புத்தகம் அப்படி ஒன்றும் இல்லை சார். தலைப்பை நம்பி வாங்கிக்கொண்டு போன இரண்டு பேர் நூறாவது பக்கத்தில் ஏமாந்து திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நாலாவது கட்டத்தில் ஒருவர் சொன்னது அப்படியே இருக்கிறது: "இன்னாய்யா, எப்பப் பார்த்தாலும் பாட்டுப் பாடிக்கிட்டே இருக்கானுங்க!"

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். (தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு காபி சாப்பிட்டு வரலாம்.) பாபு என்று ஒரு பையன். பாபநாசத்துக்காரன். கும்பகோணத்தில் பி.ஏ. படிக்க வருகிறான். சங்கீதப் பைத்தியம். அப்பாவும் சங்கீதத்தில் கரைகிற மனுஷர். ஊரில் இவர்களுக்கு ரொம்ப வேண்டிய குடும்பம் ஒன்று. தஞ்சாவூர் மராட்டிய வம்சத்துப் பெண்மணி பார்வதி, அவர் மகள் யமுனா. யமுனாவுக்கு பாபுவைவிடப் பத்து வயது அதிகம். அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்பதால் அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். அக்கா மாதிரி, தெய்வம் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த யமுனா மேல் தனக்கு இருப்பது வேறு ஒன்று என்று பாபுவுக்கு ஒருநாள் புரிகிறது. நடுவில், கிழவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட அண்டை வீட்டு இளம்பெண் தங்கம்மாள். ஓர் இரவு. அதில் கிடைத்த குற்ற உணர்ச்சி. பக்கத்தில் ரங்கண்ணா என்ற மகா வித்வான், பாபுவுக்கு குரு. ராஜம் என்று ஒரு சிநேகிதன், எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பவன். இவர்களோடு பல வருஷங்கள். முடிவைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பத்தொன்பது பேரும் என்னை அடிக்க வருவார்கள்.

ஐம்பதுகளில் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் தொடராக வந்தது. புத்தகமாக அறுநூறு பக்கத்துக்கு மேல். எழுதிய ஜானகிராமன் (1921 - 1982) கும்பகோணம் கல்லூரியில் படித்தவர், ஆல் இந்தியா ரேடியோவில் வேலை பார்த்தவர், பாட்டு தெரிந்தவர். 1979-இல் சாகித்ய அகாதமி கொடுத்தது. இந்த நாவலுக்கு அல்ல, 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. (அகாதமிக்காரர்களின் கணக்கு எனக்குப் புரிவதே இல்லை.) 1995-இல் ஞான ராஜசேகரன் படமாக எடுத்தார். இளையராஜா இசை. ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு. முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. படம் பார்த்துவிட்டுப் புத்தகம் தேடியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேராம். இப்போது யூடியூபில் பாட்டைக் கேட்டுவிட்டுப் புத்தகம் கேட்கிறார்கள். வழி எதுவானால் என்ன?

இதில் பழைய ஊர் ஏக்கம் என்பது ஒரு பெரிய சரக்கு. காவேரி, படித்துறை, விடியற்காலை, காபி, தெருவில் நடந்துபோகும்போது யார் வீட்டிலிருந்தோ வருகிற தம்பூரா. படிக்கிறவனுக்குத் தான் பார்க்காத ஊரே சொந்த ஊர் ஆகிவிடும். நான் கடலூர்க்காரன். எனக்கும் கும்பகோணத்துக்கும் வெற்றிலை அளவுக்குக்கூட சம்பந்தம் கிடையாது. ஆனாலும் காலேஜில் படிக்கும்போது இதை முதல்தரம் முடித்துவிட்டு, சிதம்பரம் கீழவீதியில் ராத்திரி நடந்துபோகையில் எல்லா ஓட்டு வீட்டிலும் ஒரு யமுனா இருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு வீட்டிலிருந்து நாய்தான் வந்தது.

இனி அந்த மூன்று பேர்.

முதலாமவர் மஞ்சக்குப்பத்துக்காரர். ரிட்டயர்டு. பென்ஷன் விஷயமாகவும், பெண் வீட்டுக்கும் அடிக்கடி ரயிலில் வருவார். புத்தகத்தை நீட்டியதும் தொடவே இல்லை. "ஏன் தம்பி, ஜெயகாந்தன் பொறந்த மண்ணுல நின்னுக்கிட்டு தஞ்சாவூர்க்காரனைப் படிக்கச் சொல்றியே, நியாயமா?" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜெயகாந்தன் 1934-இல் பிறந்தது எங்கள் மஞ்சக்குப்பம். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் திருப்பாதிரிப்புலியூர். 1906-இல் புதுமைப்பித்தன் பிறந்த இடம். இந்தப் பக்கம் சிதம்பரத்துக்குப் போனால் மௌனி, கடைசி வரை அங்கேயே வாழ்ந்து 1985-இல் காலமானவர். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குள் மூன்று பேர்! ஊருக்கு நடுவில் ஒரு போர்டாவது வைக்கலாம். நம்மிடம் பிரியாணிக் கடை போர்டுக்குத்தான் இடம் இருக்கிறது.

"ஜே.கே. பன்னெண்டு வயசுல வீட்டை விட்டு ஓடினவரு. அவருக்கு வளர்றதுன்னா ஓடறதுதான். உங்க பாபு அறுநூறு பக்கமும் குளத்தங்கரையில உக்காந்துக்கினு ஏங்கறான்" என்றார் பெரியவர். விடவில்லை நான். ஆலப்பாக்கத்தில் ஆரம்பித்த சண்டை, புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை தாண்டி, கிள்ளை வரைக்கும் போனது. கடைசியில் ஓர் ஒப்பந்தம். அவர் 'மோகமுள்' படிப்பது. பதிலுக்கு நான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படிப்பது. (1972-இல் அகாதமி வாங்கியது. அதில் கணக்கு சரியாக இருக்கிறது.)

இரண்டு மாதம் கழித்துப் புத்தகத்தைக் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. புதுச்சத்திரம் வந்த பிறகு, "பாபுவோட அப்பா நல்ல மனுஷன்பா" என்றார். அவ்வளவுதான். நானும் யமுனாவைப் பற்றி, ரங்கண்ணாவைப் பற்றி எல்லாம் கேட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்ப அப்பாவுக்கே வந்தார். பையன் என்ன செய்கிறான் என்று தெரியாமலே அவனை நம்பிக்கொண்டு ஊரில் உட்கார்ந்திருக்கிற அப்பா. பெரியவருக்கு ஒரே பையன், வெளிநாட்டில் இருக்கிறான், பேசுவது குறைவு என்பது எனக்கு வேறு ஒருவர் சொல்லித் தெரியும். அந்த நாவலை எத்தனையோ பேர் எத்தனையோ கோணத்தில் பேசிக் கேட்டிருக்கிறேன். அப்பாவின் நாவலாக அதைப் படித்த ஒரே ஆசாமி எனக்குத் தெரிந்து இவர்தான்.

இரண்டாவது, ஒரு தம்பி. அவனைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிதம்பரத்தில் சங்கீதம் படிப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. 1929-இலேயே ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இங்கே இசைக்கென்று ஒரு காலேஜ் தொடங்கினார். 1941-இல் தமிழிசை மாநாடு நடந்தது இங்கேதான். எம்.எம்.தண்டபாணி தேசிகர் பாடம் சொல்லிக்கொடுத்த இடம். அங்கே வாய்ப்பாட்டு படித்தவன் தம்பி. நல்ல சாரீரம். படித்து முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் பில்லிங் பிரிவில் உட்கார்ந்திருந்தான். சாயங்காலமானால் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று லைட் மியூஸிக் ட்ரூப்பில் பாடுவான். ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். நடுவில் சாப்பாடும் கிடைக்கும். பந்தி முடிந்த பிறகு.

அவனுக்குத்தான் இந்தப் புத்தகம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ரங்கண்ணாவின் கொள்கை என்ன? குரல் பழுக்காமல் மேடை ஏறக்கூடாது. சங்கீதம் காசுக்கு விற்கிற சரக்கு இல்லை. பாபு அதை வேதமாகப் பிடித்துக்கொள்கிறான். கச்சேரி செய் என்று நாலு பேர் தூண்டினாலும் மாட்டேன் என்கிறான். நாவலின் மிக அழகான பக்கங்கள் அவை. விடியற்காலையில் குரு முன்னால் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஜானகிராமன் எழுதியிருப்பதைப் படித்தால், எனக்கே (பாட்டு என்றால் நேயர் விருப்பம்தான் என்று நினைத்திருந்த எனக்கே) தொண்டைக்குள் என்னவோ செய்யும்.

தம்பி பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"ஏன்டா?" என்றேன்.

"வேணாம் சார். இதுக்கு மேல படிச்சா நான் அடுத்த ப்ரோக்ராமுக்குப் போக மாட்டேன்" என்றான்.

"போகாட்டி என்ன?"

அவனுக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "பாபுவுக்குச் சோறு போட அப்பா இருக்காரு சார். தங்கச்சி கல்யாணத்துக்கு இருபதாம் தேதி ஒரு தவணை கட்டணுமேன்னு ரங்கண்ணா என்னைக்காவது கேட்டிருக்காரா? காசுக்குப் பாடக்கூடாதுன்னு சொல்றதுக்கும் முதல்ல கொஞ்சம் காசு வேணும்."

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் அவன் பக்கம்தான் என் ஓட்டு. பாபுவின் தூய்மைக்குப் பின்னால் ஒரு மணியார்டர் இருக்கிறது. அந்த நாவலைக் கொண்டாடுகிறவர்கள் அந்த மணியார்டர் ரசீதைப் பார்ப்பதே இல்லை. மாசம் பிறந்தால் இ.எம்.ஐ. கட்டுகிற நம் மாதிரி ஆட்களுக்கு, 'பிடித்ததைச் செய், பணம் தானாக வரும்' என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வருகிறதில்லையா? அது மாதிரிதான்.

ஆனால் தம்பியின் கதை அங்கே முடியவில்லை. தங்கையின் கல்யாணம் முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து அவனே வந்து, "சார், அந்த மீதியைக் கொடுங்க" என்றான். முழுசாகப் படித்தான். நாவலின் பிற்பகுதியில் பாபு, வடக்கேயிருந்து வந்த பாடகர்களின் குரலைக் கேட்டு அசந்துபோய், நாம் இன்னும் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லையே என்று நினைக்கிற இடம் வருகிறது. அதைப் படித்த மறுவாரம் தம்பி மறுபடி பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டான். வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெரியவரிடம். சனிக்கிழமை ராத்திரி ரிசப்ஷனில் குத்துப்பாட்டு. ஞாயிறு காலை தோடி. பில்லிங் வேலையும் நடக்கிறது. "ரங்கண்ணா கேட்டா செருப்பால அடிப்பாரு சார்" என்கிறான். அடிக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது ஆசாமியைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு போடாதீங்க, மத்தபடி எழுதிக்குங்க" என்றார்.

எங்கள் ரயில் கோஷ்டியில் ஒரே பெண். நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். வயது நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் மட்டும் வாங்கிக்கொள்வார். ஒருநாள் நாங்கள் வழக்கம்போல பாபு பாவமா, பாபு மோசமா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தோம். இறங்கும்போது, "அந்தப் புத்தகத்தை நான் பார்க்கலாமா?" என்றார்.

நோட்டிலேயே மிக நீண்ட இரவல் அதுதான். ஏழு மாசம்! கேட்கவும் கூச்சம். கேட்காமலிருக்கவும் முடியவில்லை, க்யூவில் இரண்டு பேர். கடைசியில் ஒருநாள் பழுப்பு அட்டையோடு பையிலிருந்து எடுத்தார்.

"எப்படி இருந்தது மேடம்?" என்றார் சூப்பிரண்டெண்ட் சார்.

"நீங்க எல்லாம் வருஷக்கணக்கா பாபுவைப் பத்தியே பேசறீங்க" என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. "அவனுக்கு ஆசை, அவனுக்குத் தவிப்பு, அவனுக்குப் பாட்டு. அந்தப் பொண்ணைப் பார்க்க வர்றவங்க எல்லாம் சாப்பிட்டுட்டுப் போறாங்களே, அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுல பாத்திரம் தேய்ச்சது யாருன்னு யாராவது யோசிச்சீங்களா?"

பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் வண்டி நின்றது. யாரும் பேசவில்லை. சுண்டல்காரர்கூடக் கூவவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். அவர் கூவிக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் மேடமே சொன்னார்: "எங்க வீட்டுலயும் பதினோரு தரம். ஆனா ஜானகிராமன் அவளை அழ வைக்கல பாருங்க. அது எனக்குப் பிடிச்சது. அவ நிமிர்ந்தே நிக்கறா. கடைசி வரைக்கும் அவதான் முடிவு பண்றா. அது சரியா தப்பாங்கறது வேற விஷயம்."

நான் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அந்த நாவலை மூன்றாம் தரமாக எடுத்தேன். இருபது வயசில் படித்தபோது நான்தான் பாபு. இப்போது, கதை ஆரம்பிக்கும்போது யமுனாவுக்கு என்ன வயசோ அதை நான் தாண்டியாகிவிட்டது. வயசு மாறினால் நாவல் மாறும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். கிளிஷே என்று நினைத்திருந்தேன். இந்தத் தரம் படிக்கையில் பாபு பேசப் பேச எனக்கு அலுப்புத் தட்டியது. 'டேய், கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளேன்டா' என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லத் தோன்றியது. ஜானகிராமனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? யமுனா பேசுவது குறைவு. பேசுகிற இடங்களில் பாபுவின் அத்தனை வசனமும் அடிபட்டுப் போகிறது. இளவட்டம் அவசரத்தில் தாண்டிவிடும் என்று தெரிந்தே அங்கங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷர்.

தங்கம்மாளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. நாங்கள் பத்தொன்பது பேரும் சேர்ந்து அவளைப் பற்றிப் பேசியது மொத்தம் பத்து நிமிஷம் இருக்காது. நாவலில் செத்துப்போகிறவள் அவள்தான்.

புத்தகத்துக்கு வந்த கண்டங்களைச் சொல்லாவிட்டால் கடலூர்க்காரன் எழுதிய கட்டுரை என்று யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் ஜில்லாவில் எதற்கும் ஒரு புயல் கதை உண்டு. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தபோது 'மோகமுள்' பண்ருட்டிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் பத்திரமாக இருந்தது. கீழே பலாமரங்கள்தான் விழுந்து கிடந்தன. 2015 நவம்பர் வெள்ளத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாங்கிப்போயிருந்த நண்பரின் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பீரோவின் அடித்தட்டில் ரேஷன் கார்டு, பத்திரம், இந்தப் புத்தகம். மூன்றையும் ஃபேனுக்குக் கீழே பரப்பிக் காய வைத்திருக்கிறார். காய்ந்த பிறகு புத்தகம் இரண்டு மடங்கு உப்பிவிட்டது. இப்போது அது நாவல் இல்லை; தலையணை. மூடி வைத்தாலும் தானாகத் திறந்துகொள்ளும். நண்பர் புதுப் பிரதி வாங்கித் தருவதாக எவ்வளவோ சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். ரேஷன் கார்டோடு சமமாக வைத்துக் காய வைத்த மனுஷரிடம் எப்படிக் காசு வாங்குவது?

2020 மார்ச்சில் ரயில் நின்றபோது அது கிள்ளையில் மாட்டிக்கொண்டது. பாசஞ்சர் வண்டிகள் திரும்ப வருவதற்கு ரொம்ப நாள் ஆயிற்று. வாங்கியிருந்தவர் அதற்குள் இரண்டு தரம் படித்து, தன் மனைவிக்கும் கொடுத்து, அந்த அம்மாள் வாட்ஸப்பில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: "ராஜம் மாதிரி ஒரு ஃப்ரெண்ட் நிஜத்துல இருப்பாங்களா அண்ணா?" நான் என்ன பதில் போட்டேன் என்பது இருக்கட்டும். உங்களுக்கு ஒரு ராஜம் இருந்தால் இந்தக் கட்டுரையை முடித்ததும் ஒரு ஃபோன் போடுங்கள். ஆறு மாசமாகப் பேசியிருக்க மாட்டீர்கள்.

படிக்கப்போகிறவர்களுக்கு அனுபவத்தில் சில யோசனைகள். முதல் நூறு பக்கத்துக்குப் பொறுமை வேண்டும். பஸ்ஸில் படிக்கிற புத்தகம் இல்லை இது. சேத்தியாத்தோப்பு வழியாகப் போகிற பஸ்ஸில் எதையுமே படிக்க முடியாது என்பது தனி. ராகங்களின் பெயர் வருகிற இடங்களில் பயப்படாதீர்கள். தெரியாவிட்டாலும் கதை நகரும். தெரிந்துகொள்ள ஆசை வந்தால் போனில் இரண்டு நிமிஷத்தில் கேட்டுவிடலாம். ஜானகிராமனின் உரையாடலை மட்டும் மனசுக்குள் சத்தமாகப் படியுங்கள். ஒரு ஆசாமி வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசினால் போதும், அவர் எந்தத் தெரு, என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார் என்பது வரை தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் மனைவி முன்னால் படிப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பழுப்பு அட்டை தயார்.

போன ஜூன் மாதம் நாங்கள் நாலு பேர் கும்பகோணத்துக்கே கிளம்பிப் போனோம். மஞ்சக்குப்பத்துப் பெரியவர், பாட்டுத் தம்பி, சூப்பிரண்டெண்ட் சார், நான். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, மாயவரம் வழியாக. மேடத்தையும் கூப்பிட்டோம், வரவில்லை. காலேஜ் அப்படியேதான் இருக்கிறது, காவேரிக் கரையில். ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறந்து இந்தப் பக்கம் வர இன்னும் நாள் இருந்தது. மணலைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றோம். தம்பி ஏதோ முனக ஆரம்பித்து, ஒரு பைக் ஹாரன் அடித்ததும் நிறுத்திவிட்டான்.

நாவலில் வருகிற துக்காம்பாளையத் தெருவைத் தேடிப் போனோம். தெரு இருக்கிறது. பழைய திண்ணை ஒன்றிரண்டு மிச்சம். மற்றபடி செல்போன் கடை, ஏ.டி.எம்., வாசலில் ஸ்கூட்டி. யமுனா வீடு எது என்று யாரிடம் போய்க் கேட்பது? ஆனாலும் பெரியவர் விடவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம், "இங்க மோகமுள்ளுன்னு ஒரு கதை..." என்று ஆரம்பித்தார். பாட்டி இரண்டு கையாலும் அந்தப் பக்கம் காட்டி, "மருந்துக் கடை அங்க இருக்கு" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் ரயிலில் மேடத்திடம் சூப்பிரண்டெண்ட் சார் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். காலேஜ், மணல், பாட்டி, டிகிரி காபி.

"வீடு கிடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றார் மேடம்.

"சும்மா உள்ளே போய்ப் பார்த்திருப்போம்."

"பார்த்திருப்பீங்க" என்றார் மேடம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "பஜ்ஜி சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்க."